4எக்ஸா, 5எக்ஸா?

கால்கரியில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் ஒரு சுவர் முழுக்க லீடர் பாக்கெட்டுகள் தொங்கும். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, சுருட்டி வைத்த கண்ணாடி நரம்பு. விலையில்தான் வித்தியாசம். போ நதியில் ஃப்ளை ஃபிஷிங் பழகும் நம் பிள்ளைகள் அந்தச் சுவர் முன்னால் நின்றுகொண்டு எனக்குப் போன் போடுவார்கள்: "அண்ணா, எதை எடுக்கிறது?"

இந்தத் தூண்டிலில் புழு கிடையாது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கு எடை இல்லாததால், நாம் வீசுவது பின்னால் இருக்கும் தடித்த கயிற்றை. அந்தக் கயிறு பக்கத்தில் விழுந்தால் ட்ரவுட் மீன் மிரண்டு ஓடிவிடும். ஆகவே கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே லீடர். கயிற்றுப் பக்கம் தடிப்பாக ஆரம்பித்து, நுனியில் தலைமுடி போல மெலியும். வீச்சின் வேகம் இந்த மெலிவில்தான் அடங்குகிறது. பூச்சி மெதுவாக இறங்குகிறது.

நுனியின் கனத்தைச் சொல்வது எக்ஸ் எண். பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியை இழுத்து நரம்பு செய்த காலத்தில், தகட்டுத் துளையில் எத்தனை முறை இழுத்து மெலிய வைத்தார்கள் என்ற கணக்கு அது. இன்று 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் போதும்: 4எக்ஸ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 7 பங்கு. எந்தப் பூச்சிக்கு எது? கொக்கி எண்ணை மூன்றால் வகுங்கள். 12ஆம் எண் கொக்கிக்கு 4எக்ஸ், 18க்கு 6எக்ஸ். போ நதி மீன்கள் முரடர்கள் என்பதால் நான் ஒரு படி தடிப்பாகவே கட்டுவேன்.

நீளத்தில் 9 அடி பொது அளவு. சிறு ஓடைக்கு ஏழரை அடி போதும். அசையாத ஏரி நீருக்கு 12 அடி நல்லது. ஆனால் ராக்கி மலைப் பக்கமிருந்து மேல்காற்று அடிக்கும் நாளில் 12 அடி லீடர் நூல்கண்டாகத்தான் வந்து விழும்.

துண்டு துண்டாக முடிச்சுப் போட்டுக் கட்டிய லீடரைச் சிலர் கொண்டாடுவார்கள். கோடையில் மிதந்து வரும் பாசி ஒவ்வொரு முடிச்சிலும் மாட்டும். எனக்குப் பொறுமை இல்லை. பின்னிய லீடர் அழகாக விரியும், ஆனால் தண்ணீரைக் குடித்துவைத்து அடுத்த வீச்சில் தெளிக்கும்.

விலை ஏறுவது ஃப்ளோரோகார்பனில். நைலானைவிட அடர்த்தி கூட, அதனால் அமிழும். நீருக்குள் கண்ணுக்கும் குறைவாகத்தான் தெரியும். தண்ணீருக்கடியில் ஓட்டும் பூச்சிக்கு அது சரி. மேலே மிதக்கவேண்டிய பூச்சிக்கு அதற்காகக் காசு கொடுப்பது வீண். நைலானே போதும்; வருஷத்துக்கு ஒருமுறை புதிது வாங்குங்கள், வெயில் அதன் வலுவைத் தின்றுவிடும். எதுவானாலும் முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவர் முடிச்சில்லாத 9 அடி, 4எக்ஸ் நைலான் ஒன்று, கூடவே 5எக்ஸ் நுனி நரம்புச் சுருள் ஒன்று வாங்கினால் போதும். நுனி தேய்ந்தால் சுருளிலிருந்து இரண்டடி வெட்டிக் கட்டிக்கொள்ளலாம். ஃப்ளோரோகார்பன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை வெயிலும் தண்ணீரும் லேசில் அழிக்காது. வெட்டிய துண்டு பறவையின் காலில் சுற்றும். கரையில் போடாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள்.