உடையும் அதிகாரமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் வாயில் எளிதாக வழங்கும் பழமொழி. நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் இளைஞனிடம் இதனைச் சொல்லாத பெற்றோர் அரியர். பழமொழி பொய்யன்று. ஆயினும் எந்த ஆடை எந்த ஆளை உயர்த்தும் என்பதனை அது சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்தவன் தலைவனாகவும் இருக்கலாம். அத்தலைவனுக்குக் கார்க் கதவைத் திறந்துவிடும் ஏவலனாகவும் இருக்கலாம். கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து பட்டணத்து அலுவலகங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளை அங்கே முதலில் அளந்து பார்ப்பது அவர்களுடைய சான்றிதழ் அன்று, உடையே. ஆகவே உடைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பயன் தரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். துணி, துண்டு, அறுவை ஆகிய மூன்றும் வெட்டுதலைக் குறிக்கும் வினைகளிலிருந்து பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுத்ததை அப்படியே உடுத்தினர் பண்டைத் தமிழர். அறுவை விற்ற வணிகர் ஒருவர் சங்கப் புலவராகவும் விளங்கினார்; மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயரே அதற்குச் சான்று. தைத்த ஆடைக்கோ 'மெய்ப்பை' என்று பெயர். உடலை இட்டு வைக்கும் பை என்று பொருள்படும். இந்த மெய்ப்பையை அணிந்தவர் யார்? முல்லைப்பாட்டிலே மன்னனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர் அதனை அணிந்து நிற்கின்றனர். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவனின் வடதிசைச் செலவின்போது, சஞ்சயனைத் தலைவனாகக் கொண்டு வந்த சட்டையணிந்த தூதுவர் ஆயிரவர். சோழர் காலத்து ஓவியங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் அரச மேனியில் அணிகலன் உண்டு, சட்டை இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அந்நாளில் சட்டை ஏவலரின் அடையாளம். காவற்காரனுக்கும் தூதனுக்கும் சட்டை. அவர்களை ஏவிய மன்னனுக்குத் திறந்த மார்பு. பின்னர் விசயநகரக் காலத்தில் நிலைமை மாறியது. சுல்தான்களுடைய அவை வழக்கத்தைப் பின்பற்றி அரசரும் பிரதானிகளும் நீண்ட அங்கியும் உயர்ந்த குல்லாயும் அணியத் தலைப்பட்டனர். குல்லாய் என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து வந்ததுதான். ஏவலரின் ஆடையாயிருந்த சட்டை இவ்வாறு அவைக்கு உரியதாயிற்று. ஆகவே ஓர் உடைக்கு இயல்பாகவே பெருமை உண்டு என்று கருதுதல் பிழை. அதனை யார் அணிகிறார், யாருக்கு அது மறுக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு ஏற்ற பாடப்புத்தகம் மலாயாத் தோட்டமே. நம் மூதாதையர் பால்மரக் காட்டுக்கு வந்து சேர்ந்த காலத்தில், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்தால், செக்ரோலைப் புரட்டாமலே யார் யாருக்குக் கீழ் என்று சொல்லிவிடலாம். மேலே துரை. வெள்ளை டிரில் துணியில் கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு. மலாய் மொழியில் அதற்கு 'துத்துப்' என்றே பெயர், மூடியது என்று பொருள். அவருக்குக் கீழே கிராணி. அவருக்கும் வெள்ளைக் காற்சட்டை உண்டு, துணியின் தரமும் தையலும் வேறு. அடுத்தவர் கங்காணி. வேட்டியின்மேல் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை அல்லது பிரம்பு. மேற்பாதி துரையைப் போலவும் கீழ்ப்பாதி தொழிலாளியைப் போலவும் அமைந்த அந்த உடை, அவர் வகித்த பதவியை உள்ளபடியே காட்டிவிடுகிறது. கடைசியில் பால் வெட்டுகிறவர்கள். துணியில் பட்டுக் காய்ந்த பால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. கறுத்து விறைத்துத் தோலைப்போல் ஆகிவிடும். அந்த உடையோடு வெள்ளை டிரிலை ஒப்பிட்டுப் பார்த்தால், வெண்மை ஏன் அதிகாரத்தின் நிறமாயிற்று என்பது விளங்கும். வெள்ளை உடுத்த ஒருவர் போதாது. அதனைத் துவைத்துக் கஞ்சியிட்டுத் தேய்த்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும்.

துரையின் சோலாத் தொப்பியைப் பற்றியும் ஒரு சொல். வெப்பநாட்டு வெயில் வெள்ளையர் மூளையைத் தாக்கும் என்ற அச்சத்தால் எழுந்தது அது. இரண்டாம் உலகப் போரில் வெயிலில் அத்தொப்பியின்றியே படைகள் போரிட்டபின் அந்த அச்சம் நீங்கியது, தொப்பியும் மறைந்தது. சோலா என்பது வேறொன்றுமன்று. நம் ஊர்களில் மாட்டுப் பொங்கலன்று மாலையாகத் தொடுத்துக் காளைக்குச் சூட்டும் நெட்டியே. தமிழகத்தில் மாட்டின் கழுத்திலும் மலாயாவில் துரையின் தலையிலும் ஒரே பொருள் வீற்றிருந்ததை எண்ணினால் நகைப்பு வருகிறது.

இனி, அதிகாரம் தன்னை வெளிப்படுத்திய மற்றொரு வழியைக் காண்போம். மேலோர் தாம் எதை உடுத்தினர் என்பதைவிட, பிறரை எதைக் கழற்றச் செய்தனர் என்பதில்தான் அது கூர்மையாகத் தெரியும். மலாயாவைப் போலவே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்ற தென்னாப்பிரிக்க நேட்டாலில் 1894இல் நிகழ்ந்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எசமானனால் அடிபட்டுப் பல் உடைந்து, கிழிந்த ஆடையும் இரத்தம் ஒழுகும் வாயுமாகப் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவரிடம் முறையிட வந்தார். தலைத்துண்டு தலையில் இல்லை, கையில் இருந்தது. வெள்ளையர்முன் செல்லும்போது தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்று பழக்கப்பட்டவர், ஓர் இந்திய வழக்கறிஞர் முன்னும் அப்படியே வந்து நின்றார். துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளும்படி காந்தியடிகள் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு தர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்ற மறுத்து வெளியேறியவர் காந்தியடிகள். எனினும் நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதவி உறுதிமொழி எடுத்தபோது தலைமை நீதிபதி சொன்னபடி அதனைக் கழற்றவும் செய்தார். பெரிய போராட்டங்களுக்காக வலிமையைச் சேமித்தார் என்பது அவர் தரும் விளக்கம். உடைப் பிடிவாதத்துக்கும் ஓர் இடம், காலம் உண்டு என்று அவர் கண்டது நம் இளைஞர் கருதத் தக்கது.

கழற்றச் செய்யும் இவ்வதிகாரம் வெள்ளையர் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று எண்ணிவிடலாகாது. நாஞ்சில் நாடு அடங்கிய அந்நாளைய திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியத் தடை இருந்தது. பல்லாண்டுக் கலவரங்களுக்குப் பின் 1859ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் அரசர் விடுத்த ஆணை அவர்கள் மேனியை மறைக்க இசைவளித்தது. அதுவும் மேற்சாதிப் பெண்டிரைப்போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். நம் தோட்டத்து லயங்களில் தோளில் துண்டு போடுவதும் காலில் செருப்பிடுவதும் பெருமைக்குரிய செய்திகளாக இருந்தமைக்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கோரிக்கைகளில் சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடுதல் ஆகியவற்றோடு மற்றொன்றும் இருந்தது: துரையும் உத்தியோகத்தரும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. காசுக்குப் போராடுவோர் சைக்கிளை ஏன் இழுத்தனர் என்று இன்று சிலர் வியக்கலாம். பாலசுந்தரத்தின் தலைத்துண்டை நினைவுகூர்ந்தால் வியப்பு நீங்கும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் உயிர்கள் பறிபோயின. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1943 அக்டோபரில், கேப்டன் இலட்சுமி தலைமையில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை முகாம் திறக்கப்பட்டபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து துப்பாக்கி ஏந்தினர். போர்க்களத்தில் அப்படை என்ன சாதித்தது என்பது வேறு ஆராய்ச்சி. லயத்துப் பெண்ணொருத்தி சீருடையில் நிமிர்ந்து நடந்ததைக் கண்ட கண்கள் பழைய கண்களாக இருந்திருக்க முடியாது.

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையிலே காந்தியடிகள் தம் ஆடையை முழங்கால் அளவுக்குக் குறைத்துக்கொண்டார். 1931இல் அதே கோலத்தில் இலண்டன் அரண்மனையில் மன்னரையும் கண்டார். இங்கே ஆடையைக் குறைத்ததனால் மதிப்புக் குறையவில்லை, கூடிற்று. காரணம், கழற்றியவர் அவரே. எவரும் கழற்றச் சொல்லவில்லை. நம் காலத்திலும் அமெரிக்கக் கணினி நிறுவன முதலாளிகள் பனியன் போன்ற சட்டையோடு மேடையேறுகின்றனர். அவர்கள் வாயிற்காவலர் தோளில் பட்டையும் மார்பில் பெயர்ச்சீட்டுமாக விறைப்பாக நிற்கிறார். சங்க காலத்து மன்னனும் மெய்ப்பையணிந்த யவனனும் மீண்டும் வந்துவிட்டார்கள்!

மாணவர்க்கு நாம் விளக்க வேண்டிய இடம் இதுதான். "பெரும் பணக்காரனே இப்படி உடுக்கிறான், நான் உடுத்தால் என்ன?" என்று இளைஞர் கேட்கின்றனர். அவனை உலகம் முன்பே அறியும். உன்னை மேசைக்கு அப்பால் இருப்பவர் அறியமாட்டார். அறியப்படாதவனுக்கு உடையே அறிமுகக் கடிதம். இது நீதியா என்றால், நீதியன்று. ஆனால் கடிதத்தை எழுதத் தெரிந்திருத்தல் நலம்.

எழுதுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இரவல் கோட்டுத் தோள் தாண்டித் தொங்கினால், கோட்டு இல்லாதிருப்பதே மேல். அளவாகத் தைத்த சட்டை, இஸ்திரி போட்ட மடிப்பு, துடைத்த காலணி, வெட்டிய நகம் இவையே நம் கண்ணில் படுவன. பணிக்கு ஏற்ற உடையும் அறிந்திருக்க வேண்டும். பட்டறை வேலைக்குக் கழுத்துப்பட்டையோடு போகிறவன் பட்டறையை அறியாதவன் என்றே கருதப்படுவான். அரசு அலுவலக வாயில்களில் அரைக்காற்சட்டை, ரப்பர்ச் செருப்பு, கையில்லாச் சட்டை கூடாவென்று பலகை தொங்குகிறது. 2015இல் முழங்கால் அளவுப் பாவாடையோடு சென்ற பெண்மணி ஒருவருக்கு ஓர் அரசு அலுவலகத்தில் கைலி கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் செய்ததும், அதன்மேல் நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் பலர்க்கு நினைவிருக்கும். பலகையை மதிப்பது வேறு. பலகையின் பேரால் ஒருவரைத் தலைகுனிய வைப்பது வேறு.

நல்லுடை அணிந்தவனின் அறிவையே கூர்மையாக்கும் என்று சிலர் மேடையில் பேசுகின்றனர். 2012இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர், மருத்துவர் அங்கி என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை அங்கியை அணிந்தவர்க்குக் கவனம் மிகுந்ததாக எழுதினர். 2019இல் வேறு சிலர் மிகுதியான ஆட்களைக் கொண்டு அச்சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்விளைவு கிட்டவில்லை. எனவே அதனைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டா.

நம் உடை எப்படி? தமிழ்ப்பள்ளிகளில் தொங்கும் பழைய புகைப்படங்களில் ஆசிரியர் வேட்டியின்மேல் கோட்டணிந்து அமர்ந்திருப்பார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கப் பணித்தபோது, கங்காணியும் கிராணியுமே பல இடங்களில் வாத்தியாரானார்கள். கோட்டும் அவர்களோடு வகுப்புக்குள் வந்திருக்கலாம். இன்று ஆண் ஆசிரியர்க்குக் கழுத்துப்பட்டை; வியாழக்கிழமைகளில் பாத்தேக். பதினேழாம் நூற்றாண்டில் குரோவாசியக் கூலிப்படை வீரர் கட்டியிருந்த கழுத்துத் துணியிலிருந்து வந்தது இந்தப் பட்டை. நண்பகல் வெயிலில் அது இறுக்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன். என்றாலும் அதனைத் தளர்த்தித் தொங்கவிட்டு வகுப்புக்குள் நுழைவதை நான் ஒப்பேன். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் சீருடையைத் தாய் முதல்நாள் இரவே தேய்த்து மாட்டி வைத்திருக்கிறாள். பட்டணத்துப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் வேறுபாடு தெரியாத ஒரே உடை அதுதான். அந்தப் பிள்ளையின் முன்னே கசங்கிய சட்டையோடு நிற்பது ஆசிரியர்க்கு அழகன்று.

பிள்ளைகளை விட்டுப் பெற்றோர்க்கு வருவோம். செம்பனைக் காட்டிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ நேரே வரும் தந்தையர் சிலர், தலைமையாசிரியர் அறை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள்துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் காட்சியை இன்றும் காணலாம். பாலசுந்தரம் வந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. செருப்போடு உள்ளே வரச் சொல்லி, நாற்காலியைக் காட்டி, அவர் அமர்ந்த பின்னரே நாம் அமர்வது கடினமான செயலன்று. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தை முற்பகலில் கூட்டினால் அவர்கள் வேலை உடையோடு வந்து பின்வரிசையில் ஒதுங்குவர், அல்லது வராமலே இருந்துவிடுவர். மாலை ஐந்தரைக்குமேல் கூட்டினால் வீடு சென்று குளித்து, விரும்பியதை உடுத்தி வருவர். முன்வரிசை நாற்காலிகளும் நிரம்பும்.