தாராவியின் முதல் பள்ளியே தமிழ்ப் பள்ளிதான்: 1924-இல் தொடங்கிய கதை இப்போ ஏன் முக்கியம்?

மாட்டுங்காவில் இட்லி, காபி முடித்துவிட்டு நடந்தே தாராவிக்குப் போய்விடலாம். மும்பையில் வேலை பார்க்கும் தமிழர் என்றால் இரண்டு இடமும் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். ஆனால் தாராவிக்கு வந்த முதல் பள்ளியே தமிழ்ப் பள்ளி என்பது தெரியுமா? ஆண்டு 1924. பம்பாய்க்கும் அதுதான் முதல் தமிழ்ப் பள்ளி. அடுத்த நாற்பது வருஷம் தாராவியில் வேறு பள்ளியே கிடையாது.

யாருக்காக வந்தது?

திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பிள்ளைகளுக்காக. நாற்றம் பிடிக்கும் தொழில் என்பதால் தோல் ஷெட்டுகள் ஊருக்கு வெளியே போயின. அன்றைக்கு 'ஊருக்கு வெளியே' என்றால் சதுப்பு நிலமும் கோலி மீனவர் குடியிருப்பும் இருந்த தாராவி. 1913-இல் பிள்ளையார் கோயில் கட்டினார்கள். பதினொரு வருஷம் கழித்துப் பள்ளி.

இதே கணக்கு கோலார் தங்கவயலிலும் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் சுரங்கத்தைச் சுற்றிக் குடியேறினார்கள், தமிழ் வகுப்புகள் வந்தன. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதும் இளைஞர்கள் வேலைக்காக தினமும் பெங்களூருக்கு ரயில் ஏற ஆரம்பித்தார்கள். ஒரே தொழில், ஒரே இடத்தில் நெருக்கமாகக் குடும்பங்கள். தாய்மொழிப் பள்ளிக்கு அடித்தளமே இந்த நெருக்கம்தான்.

சட்டம் காப்பாற்றாதா?

பாதிதான். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயற்சி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு. 'முயற்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன, அது தமிழ்ப் பள்ளியாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் வகுப்பில் உட்காரப் பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கணும்.

இப்போ என்ன மாறுது?

தாராவி மறுசீரமைப்பு. 2000 ஜனவரி 1-க்கு முன் கட்டிய தரைத்தள வீட்டுக்காரர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே. தேவ்னார் குப்பைமேட்டு நிலம், காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பள நிலங்கள் இதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன.

கீழ் வீட்டுப் பிள்ளை தாராவியில், மாடி வீட்டுப் பிள்ளை முலுண்டில் என்று ஆனால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் நடுவே இருபது கிலோமீட்டர் வரை இடைவெளி விழலாம். யாருக்கு எங்கே வீடு என்பதை முடிவு செய்வது தேதியும் மாடியும். பிள்ளை எந்த மீடியத்தில் படிக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது.