சின்னத் தோட்டாவும் படாளத்துக் கரும்பும்

ஒவ்வொரு ஜனவரியிலும் லாஸ் வேகஸில் துப்பாக்கித் தொழிலின் பெரிய கண்காட்சி கூடும். பயிரைத் தின்னும் சிறு விலங்குகளைச் சுடும் அமெரிக்கர்களிடையே அதற்குச் சில வாரங்கள் முன்பே, இந்த ஆண்டு எந்தப் புதிய சிறு விட்டத் தோட்டா வரும் என்ற பேச்சு தொடங்கிவிடும். 2002இல் .17 எச்எம்ஆர், 2004இல் .204 ருகர், 2024இல் .22 ஏஆர்சி என்று அந்த எதிர்பார்ப்புக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. .204 ருகரின் குண்டு ஏறக்குறைய 2 கிராம்தான். ஆனால் நொடிக்கு 1,200 மீட்டருக்கு மேல் பாயும். மேலுறை மெல்லியது என்பதால் பட்ட இடத்திலேயே தூள்தூளாகும். ஒரு கிலோ எடையுள்ள, அணில் இனத்துப் புல்வெளி விலங்கை இருநூறு முந்நூறு மீட்டர் தொலைவிலிருந்து சுட இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. மதுராந்தகம் வட்டாரத்தில் நெல்லையும் வேர்க்கடலையையும் கரும்பையும் காட்டுப்பன்றியிடம் பறிகொடுக்கும் விவசாயிக்கும் இப்படி ஒரு தோட்டா வந்தால் விடிவு வருமா? வராது என்பதே என் கணிப்பு. இங்கே குறை தோட்டாவில் இல்லை. எங்கே சுடலாம், யார் சுடலாம் என்று வகுத்திருக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் விலங்கைப் பார்ப்போம். வளர்ந்த காட்டுப்பன்றி நூறு கிலோவையும் தாண்டும். ஆண் பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கடியில் கெட்டியான கவசம் போன்ற திசு உண்டு. தூளாகும் குண்டு அதில் மேலோட்டமான புண்ணை உண்டாக்கி நின்றுவிடும். காயம்பட்ட பன்றி கரும்புக்குள் புகுந்துகொண்டால் மறுநாள் காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குத்தான் ஆபத்து. இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக இருக்கும் .315 ரைஃபிளின் குண்டு 16 கிராம் அளவில் கனமானது, மெதுவானது, ஆழமாக இறங்குவது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாராகும் பழைய துப்பாக்கிதான். பன்றிக்கு அது போதும். மறுப்பு ஒன்று வரலாம்: தூளாகும் குண்டு தரையில் பட்டுத் தெறித்துப் போகாது, ஊரும் வயலும் ஒட்டிக் கிடக்கும் நம் பகுதிக்கு அதுதானே பாதுகாப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் குறி தவறி, எதிலும் படாமல் போகும் குண்டு சிறியதானாலும் வெகுதூரம் போகும். பரண் மேலிருந்து தரை நோக்கிக் கிட்டத்தில் சுடுவது தரும் பாதுகாப்பை எந்தத் தோட்டாவும் தராது.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே வேட்டை என்பதே குற்றம். காகம், எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்களாக வைத்திருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022 திருத்தத்தில் போய்விட்டது. ஒரு விலங்கை ஒரு பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிராக அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. பீகாரில் அப்படி அறிவித்து, 2016இல் ஹைதராபாதிலிருந்து ஆள் வரவழைத்து மொகாமாவில் நீல்காய் எனப்படும் நீலான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அதை வைத்து மத்திய அமைச்சர்களே ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். பன்றியை அப்படி அறிவிக்கக் கேரளம் கேட்டபோது மத்திய அரசு மறுத்தது. அதனால் அம்மாநிலம் 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. உத்தரவு கிடைத்தது, துப்பாக்கியும் உரிமமும் உள்ள ஆள் பல ஊர்களில் கிடைக்கவில்லை. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளும் காவல் நிலையத்துக்குப் போய்விடும். பன்றிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

தமிழக அரசு 2025 ஜனவரியில் வேறு வழியை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப்பணியாளர் மட்டும் சுடலாம். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனத்துறை ஊழியர் சேர்ந்த குழு பரிந்துரைக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். அங்கே காடு ஒருபுறம், வயல் மறுபுறம். மதுராந்தகம் பக்கம் அப்படியா இருக்கிறது? காப்புக்காடுகள் சிறு சிறு துண்டுகளாக வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் 3 கிலோமீட்டர் வட்டம் போட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று உரசி, சுடக்கூடிய நிலம் சொற்பமாகிவிடும். பன்றியோ அந்தக் காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. ஏரி உள்வாயில் மண்டிய சீமைக் கருவேலத்திலும், படாளம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிப் போட்ட கரும்பிலும் பகலெல்லாம் படுத்துவிட்டு இரவில் சொர்ணவாரிப் பருவ நெல்லுக்கு வருகிறது. பிடித்துக் காட்டில் விட்டாலும், அந்தக் காட்டுத் துண்டிலிருந்து வயல் கூப்பிடு தூரம்தான்.

இதற்கு மேல் இதே வட்டாரத்தில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம், ஊர்களும் விளைநிலமும் சேர்த்து, 1998 முதல் சரணாலயம். 1790களில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் வாங்கிய ஊர் அது; எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. துப்பாக்கி வேண்டாம் என்று கேட்டுப் பெற்ற ஊரின் எல்லையில் துப்பாக்கியால் பன்றிக்குத் தீர்வு காண முடியாது.

அப்படியானால் விவசாயி கைகட்டி நிற்க வேண்டியதுதானா என்று கேட்பார்கள். கைகட்டி நிற்கவில்லை என்பதுதான் கவலை. மாநிலத்தின் பல பகுதிகளில் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை வைக்கிறார்கள், மின்கம்பியைச் சட்டவிரோதமாக வேலியில் இழுக்கிறார்கள்; அதில் மாடும் சாகிறது, மனிதரும் சாகிறார்கள். ஆகவே செய்ய வேண்டியது, மலையடிவாரத்துக்குப் போட்ட 3 கிலோமீட்டர் அளவை இந்தச் சமவெளிக்கு மாற்றியமைப்பது. பன்றி எந்த ஏரியில், எந்தக் கருவேலப் புதரில் தங்குகிறது என்று புல எண் வாரியாகக் குறித்து, முதலில் அந்த மறைவிடத்தை அழிக்கலாம். சுட வேண்டிய இடத்தில் வனத்துறை ஆளே பரண் போட்டுச் சுடலாம். சரணாலய எல்லைக்குள் இருப்பவர்களுக்கு வேலிக்கு மானியமும், அறுவடைக்கு முன்பே கைக்குக் கிடைக்கும் இழப்பீடும்தான் வழி. ஏரிகளின் கருவேலத்தை வெட்டும் பொறுப்பு நீர்வளத் துறைக்கும் ஊராட்சிக்கும் நடுவில் கிடப்பதால், வனத்துறையை மட்டும் கேட்டு இது நடக்காது.