13 ரூபாய் வாராக் கடனும் எட்டுத் தொகுதி கிப்பனும்

பெங்களூரு ரெசிடென்சி சாலையிலுள்ள பெங்களூர் கிளப்பில் ஒரு பழைய பேரேடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1899ஆம் ஆண்டில் வசூலிக்க இயலாதவை என ஒதுக்கப்பட்ட தொகைகளுள், லெப்டினன்ட் டபிள்யூ. எல். எஸ். சர்ச்சில் என்ற பெயருக்கு நேரே 13 ரூபாய் எனப் பதிவாகியுள்ளது. வாராக் கடனோடு அன்றாடம் மல்லாடும் வங்கித் துறையினருக்கு இச்செய்தி புன்னகையை வரவழைக்கும். ஆயினும் அக்கடனைவிடப் பெரிய ஒன்றைச் சர்ச்சில் இந்நகரில் பெற்றுச் சென்றார்.

1896 அக்டோபரில் நான்காம் ஹுஸார் குதிரைப்படையுடன் இங்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. பல்கலைக்கழகத்தில் பயின்றதில்லை. காலையில் அணிவகுப்பு, மாலையில் போலோ. இடைப்பட்ட வெயில் நேரம் முழுவதும் ஓய்வு. தாம் தாராளமாகக் கையாளும் சொற்கள் பலவற்றின் திட்டமான பொருள் தமக்கே தெரியாது என்பதை அக்காலத்தில் உணர்ந்ததாக, 1930இல் வெளிவந்த தம் இளமைக்கால வரலாற்றில் அவர் எழுதுகிறார். ‘எதிக்ஸ்’ அத்தகைய சொற்களுள் ஒன்று. தாயாருக்குக் கடிதம் எழுதினார். மாதந்தோறும் நூல்கள் கப்பலேறி வந்தன. கிப்பனின் உரோமப் பேரரசு வரலாறு எட்டுத் தொகுதிகள், அதன்பின் மெக்காலே பன்னிரண்டு. நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் படித்தார். ஓரங்களில் தம் கருத்துகளைக் கிறுக்கினார். மெக்காலேயில் 50 பக்கம், கிப்பனில் 25 பக்கம் என்று தினக்கணக்கும் வைத்திருந்தார். இந்தியரைப் பற்றிய அவருடைய கருத்துகள் நமக்கு ஏற்புடையன அல்ல. எனினும் 1953இல் இலக்கிய நொபெல் பரிசு பெற்றவரின் சொல்வளத்திற்கு முதலீடு, நம் ஊர்ப் பங்களா ஒன்றில் தவணை முறையில் சேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழ்வழியில் பயின்று, வணிகவியல் பட்டத்துடன் வங்கிப் பணிக்கு வந்தவர்கள் நாம். கடன் அனுமதிக் கடிதத்தை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவோம். ஜேன் ஆஸ்டினை எடுத்தால் பத்தாம் பக்கத்தில் மூடிவிடுவோம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் முன்னிலையில் இதை ஒப்புக்கொள்ளவும் கூச்சம். நாற்பதைக் கடந்த பின், சர்ச் தெருப் பழைய புத்தகக் கடையொன்றில் ‘பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்’ வாங்கி மீண்டும் தொடங்கியபோதே தடை எங்கிருந்தது என்பது விளங்கிற்று. தெரியாத சொல்லை அகராதியில் பார்த்துவிடலாம். தெரிந்ததாக நாம் நம்பியிருக்கும் சொல்லை யார் பார்க்கிறார்கள்?

‘கண்டிசென்ஷன்’ என்றால் பிறரைத் தாழ்வாக நடத்தும் தோரணை என்றே இன்று கொள்கிறோம். அந்நாவலில் பாதிரியார் காலின்ஸ், சீமாட்டியொருவரின் பெருங்குணமாக அதனைப் போற்றுகிறார். உயர்ந்தோர் தம் நிலையிலிருந்து இறங்கி வந்து எளியோரிடம் இன்முகம் காட்டுதல் என்பது அன்றைய பொருள். இது தெரியாவிடில், அவரது துதிபாடலை ஆசிரியர் நகையாடும் சுவையே கைநழுவிப் போகும்.

அதே காலின்ஸ் திருமணம் பேச வந்த இடத்தில், எலிசபெத்துக்கு வரக்கூடியது ‘ஃபோர் பெர் சென்ட்ஸ்’இல் உள்ள ஆயிரம் பவுன் மட்டுமே என்கிறார். அதுவும் தாயாரின் காலத்திற்குப் பின்னரே. இலக்கியம் பயின்றோர் தயங்கும் இவ்விடத்தில் நமக்குத் தயக்கமில்லை: நான்கு விழுக்காடு வட்டி தரும் அரசுக் கடன் பத்திரம், ஆண்டுக்கு 40 பவுன். அந்தப் பெண்ணின் நிலை ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. ஆஸ்டினின் தமையன் ஹென்றி ஒரு வங்கியாளர் என்பதும், அவரது வங்கி 1816இல் முறிந்தது என்பதும் நம் தொழிலினர் அறிய வேண்டிய செய்திகள்.

நம் முன்னோர் இலக்கியத்திற்கு முன் நிகண்டை மனப்பாடம் செய்தனர். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையே கூறுகிறது. சொல் ஏமாற்றும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். தேர்வுக்கென விற்கப்படும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் அந்த எச்சரிக்கை இல்லை. அவற்றை வாங்கி அடுக்குவதில் பயன் மிகுதியாக இல்லை என்பது நம் கருத்து.

நாம் பின்பற்றும் முறை எளியது. படிக்கும்போது ஐயத்திற்குரிய சொல்லருகே பென்சிலால் ஒரு புள்ளி, நிறுத்துவதில்லை. அத்தியாயம் முடிந்தபின், இருமுறை புள்ளி பெற்ற சொற்களை மட்டும், பழம்பொருளையும் தரும் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் பார்க்கிறோம். பொருளை மட்டும் குறித்தால் ஒரு வாரத்தில் மறக்கிறது. ஆகவே அச்சொல் வந்த வாக்கியத்தையே குறிப்பேட்டில் எழுதுகிறோம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கமே தவணை. ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அதுவும் நிலுவையாகிவிடும்.

இப்போது டிக்கன்ஸின் ‘லிட்டில் டோரிட்’ நடைபெறுகிறது. கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ சிறையே அதன் களம். டிக்கன்ஸின் தந்தை 1824இல் அடைபட்டிருந்த இடமும் அதுவே. கடன் பற்றிய சொற்கள் நிறைந்த நூலாதலால், பென்சில் புள்ளிகள் சற்றுக் குறைவாகவே விழுகின்றன.