நிழலில் கருமை, வெயிலில் நீலம்

குடகு மாவட்டத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், கடன் விண்ணப்பங்களை ஒட்டிக் காப்பித் தோட்டங்களைப் பார்வையிடுவது என் வழக்கம். அப்படிச் சென்ற ஒரு காலையில், காட்டோரத் தோட்டமொன்றின் அத்திமர உச்சியில், மைனா அளவுள்ள கரிய பறவை ஒன்றைக் கண்டேன். கிளை மாறி அது வெயிலுக்கு வந்ததும் முதுகு முழுவதும் நீலமாகச் சுடர்ந்தது.

ஆங்கிலத்தில் ‘ஏசியன் ஃபேரி புளூபேர்டு’ எனப்படும் நீலப்பறவை அது. மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் தீவுகள் ஆகியவற்றின் ஈரக்காடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்வது. நீர் சொட்டுவதுபோன்ற தெளிந்த சீழ்க்கை அதன் குரல். ஆணின் முதுகு நீலம், முகமும் வயிறும் கருமை, கண்கள் சிவப்பு. பெண்ணோ மங்கிய பசுநீலம். 1790-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட லேத்தம் என்னும் ஆங்கிலேயர், சிறுமி எனப் பொருள்படும் ‘புயெல்லா’ என்ற இலத்தீன் சொல்லைத் தேர்ந்தார். ஒளிர்வது ஆண்பறவை என்பது வேடிக்கைதான்.

அந்த நீலம் சாயமன்று. இறகிழைகளுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவை ஒளியின் நீலப்பகுதியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. ஏனைய நிறங்களை அடியிலுள்ள கருநிறமி உறிஞ்சிவிடுகிறது. ஒளி குன்றிய இலைநிழலில் பறவை கருமையாகவே தோன்றுவதும் இதனால்தான்.

இதன் முதன்மை உணவு பழங்கள்; அவற்றுள்ளும் ஆல், அத்தி, இச்சி வகைப் பழங்களை விரும்பி உண்ணும். காட்டின் பிற மரங்கள் பலவும் பருவத்தில் மட்டுமே காய்க்கும். அத்தியினத்திலோ மரத்துக்கு மரம் காய்க்கும் காலம் வேறுபடுவதால், ஆண்டின் எம்மாதத்திலும் எங்கேனும் ஒரு மரத்தில் பழம் இருக்கும். எங்கள் துறையில் இதை அவசரகால இருப்பு என்போம். உண்ட பழத்தின் விதைகளைப் பறவை தொலைவில் எச்சமிட, அங்கே புதிய மரம் முளைக்கிறது.

சிக்கல் எங்கே என்பதைத் தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அறிவர். காப்பிச் செடிக்கு நிழல் தந்த நாட்டு மரங்களின் இடத்தை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பல தோட்டங்களில் பிடித்துவிட்டது. அது விரைந்து வளரும், மிளகுக்கொடி ஏறும், வெட்டி விற்பதும் எளிது. ஆனால் பறவை உண்ணத்தக்க பழம் அதில் இல்லை. தோட்டத்தை மதிப்பிடும்போது சில்வர் ஓக்கை எண்ணிக் குறித்த நானே, அத்தியின் எதிரே ஒரு தொகையும் எழுதியதில்லை. விறகுக்கும் பெரிதாகப் பயன்படாத மரம் அல்லவா!

அன்று தோட்ட உரிமையாளரிடம், அந்த அத்தியை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். “தாத்தா காலத்து மரம், சார். வெட்டினால் அவ்வளவு பெரிய நிழலுக்கு எங்கே போவது?” என்றார். பறவையைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை. மேலே இன்னும் இரண்டு நீலப்பறவைகள் வந்து அமர்ந்திருந்தன.