சொன்ன மிச்சம் பில்லில் எங்கே?

"இந்த விளக்கை மாட்டுங்கள், கரண்ட் பில் பாதியாகும்" என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார் விற்பனையாளர். பில் வந்தால் அவ்வளவு குறைவதில்லை. ஏமாந்துவிட்டோம் என்று முடிவு கட்டுமுன் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

சோக்குடன் சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப் லைட்டுகள் பத்து. பதிலுக்கு 20 வாட் எல்.இ.டி. மாட்டினால் 300 வாட் மிச்சம். தினம் 12 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 216 யூனிட். நம் கடையில் எரிவது 6 மணி நேரமென்றால் 108 யூனிட்தான்!

ஃபிரிட்ஜிலும் இதே கதை. 2006-இல் வந்த நட்சத்திர முத்திரையில் உள்ள ஆண்டு யூனிட், சோதனைக்கூடத்தில் அளந்தது. மளிகைக் கடையில் தயிர் பாக்கெட்டுக்கொரு தரம் கதவு திறக்கிறது. சித்திரை வெயில் வேறு.

அடுத்தது நிலைக் கட்டணம். கடை இணைப்பில் இது கிலோவாட் பளுவைப் பொறுத்தது. யூனிட் குறைந்தாலும் குறையாது. இடையில் கட்டணமும் மாறலாம். 2022 செப்டம்பரில் தமிழகத்தில் கட்டணம் உயர்ந்தபோது, யூனிட் குறைந்தும் ரூபாய் குறையாத கடைகள் உண்டு.

சென்னிமலையில் தைப்பூசத்துக்கு இரவு நெடுநேரம் கடை திறந்திருக்கும். அந்தப் பில்லை ஐப்பசிப் பில்லோடு ஒப்பிட்டால் கணக்கு எப்படிச் சரிவரும்?

ஆகவே வணிகப் பெருமக்களே, ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். சென்ற ஆண்டு அதே இரண்டு மாத யூனிட்டோடு ஒப்பிடுங்கள். வாங்குமுன், "எத்தனை மணி நேரக் கணக்கு இது?" என்று கேளுங்கள். மிச்சம் எவ்வளவு என்பதை உங்கள் மீட்டரே சொல்லும்.