சொந்த ஊரைப் பாடியவரின் சொந்த இசைத்தட்டு

ஒரு நாட்டின் இசைத்தொழில் எவ்வளவு பெரியது என்பதை விற்பனைக் கணக்கைக் கொண்டு அளந்துவிடலாம். அது அந்த நாட்டு மக்களுக்கு உரியதுதானா என்பதை அளக்க வேறொரு கேள்வி தேவைப்படுகிறது. அங்குள்ள ஒரு சிற்றூரைப் பற்றிய பாட்டு ஒலிப்பதிவாகிக் கடைக்கு வருவதற்கு யாருடைய சம்மதம் வேண்டியிருக்கிறது? கனடாவின் நாட்டுப்புறப் பாடகர் ஸ்டாம்பின் டாம் கானர்ஸின் (1936-2013) வாழ்க்கையை இந்தக் கேள்விக்கான விடையாகவே நான் படிக்கிறேன். அவர் பாடகர் மட்டுமல்லர்; தம் பாடல்களையும் பிறர் பாடல்களையும் வெளியிடத் தாமே நிறுவனம் தொடங்கியவர். அவருடைய இந்த இரண்டாவது முகம் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் பதின்பருவத் தாய் ஒருவருக்குப் பிறந்தவர் சார்ல்ஸ் தாமஸ் கானர்ஸ். வறுமையில் தாயுடன் ஊர் ஊராக அலைந்த குழந்தையைக் குழந்தைகள் நலத் துறை பிரித்தெடுத்தது. அநாதை விடுதி வாசத்துக்குப் பின், பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஸ்கின்னர்ஸ் பாண்ட் என்னும் சிற்றூரிலுள்ள ஒரு குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. அங்கும் அவர் தங்கவில்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். பின்னர் ஒரு கிதாருடன், வழியில் செல்லும் வாகனங்களில் இடம் கேட்டுக் கேட்டு, ஏறத்தாழ 13 ஆண்டுகள் கனடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார். புகையிலை பறித்தார், குழி வெட்டினார், கிடைத்த கூலிவேலைகளையெல்லாம் செய்தார்.

அந்த அலைச்சலே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. 1964-இல் வட ஒண்டாரியோவின் சுரங்க நகரமான டிம்மின்ஸில் ஒரு விடுதிக்குச் சென்றபோது, ஒரு பீர் வாங்க அவரிடம் ஐந்து சென்ட் குறைந்தது. சில பாடல்களைப் பாடினால் பீர் தருவதாக விடுதிப் பணியாளர் சொன்னார். பாடினார். அந்தப் பாட்டு ஓராண்டுக்கும் மேற்பட்ட வேலையாக நீண்டது. உள்ளூர் வானொலியில் வாராந்திர நிகழ்ச்சி கிடைத்தது. சிறிய இசைத்தட்டுகளும் வெளியாயின. மதுக்கூடத்தின் இரைச்சலில் தாளம் தவறாதிருக்க இடது காலால் மேடையை ஓங்கி மிதிப்பது அவர் வழக்கம். தரை சேதமாகிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டதால், ஒட்டுப்பலகை ஒன்றைக் காலடியில் போட்டு மிதித்தார். கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967 ஜூலை 1 அன்று, பீட்டர்பரோ நகரின் மதுக்கூடம் ஒன்றில் ‘ஸ்டாம்பின்’, அதாவது ‘காலால் மிதித்துத் தாளமிடும்’, என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

யாரும் பாடாத ஊர்கள்

அவர் பாடிய பொருள்களைப் பாருங்கள். ‘பட் த ஸ்பட்’ தீவிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநரைப் பற்றியது. ‘சட்பரி சாட்டர்டே நைட்’ நிக்கல் சுரங்கத் தொழிலாளர்களின் சனிக்கிழமை இரவைச் சொல்கிறது. ‘டில்சன்பர்க்’ புகையிலைத் தோட்டத்தின் முதுகுவலியைப் பாடுகிறது. வான்கூவரில் 1958-இல் கட்டுமானத்தின்போது பாலம் இடிந்து தொழிலாளர்கள் மாண்டதையும், 1963-இல் வட ஒண்டாரியோவின் ரீசர் சைடிங்கில் மரவெட்டிகளின் வேலைநிறுத்தத்தின்போது மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும் அவர் பாட்டில் ஏற்றினார். நாளிதழின் உள்பக்கச் செய்தியோடு மறைந்து போயிருக்கக்கூடிய நிகழ்வுகள் இவ்வாறு மக்கள் நினைவில் நின்றன. நாட்டுப்புறப் பாடகரின் ஆதித் தொழிலே இதுதான்.

ஆனால் இத்தகைய பாடல்களுக்கு அன்றைய கனடாவில் இடம் குறுகலாக இருந்தது. 1971-இல் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.16 கோடி, எல்லைக்குத் தெற்கே 20 கோடிக்கும் மேல். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் பலவும் அமெரிக்க நிறுவனங்களின் கிளைகள். ஓர் ஒலிப்பதிவு இலாபம் தருமா என்ற கணக்கை அவை வட அமெரிக்கச் சந்தை முழுவதையும் வைத்தே போட்டன. அந்தக் கணக்கில் டில்சன்பர்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சிறுபான்மையினர். கானர்ஸ் இளமையில் கேட்டு வளர்ந்த இரு பெரும் கனடியப் பாடகர்களே இதற்குச் சான்று. நோவா ஸ்கோஷியாவில் பிறந்த ஹாங்க் ஸ்னோ நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் பெரும்புகழ் பெற்றார். வில்ஃப் கார்ட்டரோ அமெரிக்க நேயர்களுக்காக ‘மொன்டானா ஸ்லிம்’ என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். திறமை இருந்தால் போதாது. ஊரையோ பெயரையோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே எழுதப்படாத விதி.

பூட் செய்த வேலை

கானர்ஸ் இந்த விதிக்கு உடன்படவில்லை. 1971-இல் ஜூரி கிரிட்டியுக் என்பவருடன் இணைந்து ‘பூட் ரெக்கார்ட்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பாடல்களின் பதிப்புரிமையை நிர்வகிக்கவும் சொந்த ஏற்பாடு செய்துகொண்டார். இசைத்தொழிலை அறியாதவர்களுக்கு இதன் முக்கியத்துவம் உடனே புலப்படாது. ஒரு பாடலில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: எழுதப்பட்ட பாட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. நிறுவனத்தின் செலவில் ஒலிப்பதிவு செய்யும் கலைஞரிடம் பெரும்பாலும் இரண்டாவது சொத்து தங்குவதில்லை. சில ஒப்பந்தங்களில் முதலாவதும் கைமாறிவிடும். சொந்த நிறுவனம் நடத்துபவர் இழப்பைத் தாமே ஏற்கிறார். அதற்கு ஈடாக, எதைப் பாடுவது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்.

பூட் நிறுவனம் அவர் ஒருவருக்கான கடையாக இருக்கவில்லை. கிதார் கலைஞர் லியோனா பாய்டின் முதல் இசைத்தட்டு 1974-இல் அங்கிருந்துதான் வந்தது. செவ்வியல் இசைக் குழுவான கனடியன் பிராஸ், கேப் பிரெட்டன் தீவின் பாடகி ரீட்டா மக்நீல் ஆகியோரின் தொடக்ககால ஒலிப்பதிவுகளையும் அது வெளியிட்டது. லாரி ஓட்டுநரைப் பாடியவர் செவ்வியல் கிதாருக்கும் இடமளித்தார் என்பது முரணாகத் தோன்றலாம். இருவருக்கும் மூடியிருந்தது ஒரே கதவு என்பதை உணர்ந்தால் அதில் முரணில்லை.

அரசும் அதே ஆண்டில் ஒரு கதவைத் திறந்தது. பண்பலைக்கு முந்தைய ஏஎம் வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடிய இசையாக இருக்க வேண்டும் என்ற விதி 1971 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இசையமைப்பு, கலைஞர், ஒலிப்பதிவு, பாடல்வரி என்னும் நான்கு கூறுகளில் இரண்டு கனடாவுக்கு உரியவையானால் அப்பாடல் கனடியப் பாடலாகக் கொள்ளப்பட்டது. சிறு நிறுவனங்கள் பல தழைக்க இந்த ஒதுக்கீடு துணைநின்றது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் எல்லையையும் நாம் காண வேண்டும். ஒரு பாடல் எந்த நாட்டைச் சேர்ந்தது என்று விதி கேட்டது. எந்த ஊரைப் பற்றியது என்று அதனால் கேட்க முடியாது. அமெரிக்கப் பாடலைப் போலவே ஒலிக்கும் கனடியப் பாடலைக் கொண்டும் 30 விழுக்காட்டை நிரப்பிவிடலாம். கானர்ஸின் பாடல்களைப் பெருநகர வானொலிகள் போதிய அளவு ஒலிபரப்பவில்லை என்பது கடைசிவரை அவருடைய குறையாகவே இருந்தது.

திரும்பிச் சென்ற ஆறு விருதுகள்

கனடாவின் உயரிய இசை விருது ‘ஜூனோ’. வானொலி ஒதுக்கீட்டைக் கொண்டுவந்த ஆணையத்தின் முதல் தலைவர் பியர் ஜூனோவின் பெயரை நினைவூட்டும் விருது அது. கானர்ஸ் அதை ஆறு முறை பெற்றிருந்தார். 1978-இல் ஆறையும் திருப்பி அனுப்பினார். அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே தொழில் நடத்தும் கலைஞர்களுக்குக் கனடிய விருது எதற்கு என்பது அவர் கேள்வி. கனடாவில் வாழ்ந்து, கனடாவையே களமாகக் கொண்டவர்களுக்குத்தான் அது சேர வேண்டும் என்றார். அத்துடன் நிற்கவில்லை. மேடையை விட்டே விலகினார். ஓராண்டுக்கு என்று தொடங்கிய எதிர்ப்பு ஏறத்தாழ 12 ஆண்டுகள் நீண்டது.

இந்த இடத்தில் அவருடன் நான் முழுமையாக உடன்படவில்லை. கலைஞரின் குடியிருப்பு முகவரி அவருடைய கலையின் முகவரி ஆகிவிடாது. கலிஃபோர்னியாவில் வாழ்ந்துகொண்டே நீல் யங்கும் ஜோனி மிட்செலும் தம் கனடிய இளமையைப் பாட்டில் கொண்டுவந்தார்கள். பிழைப்புக்காக எல்லை தாண்டியவரை அந்நியராக்கும் அளவுகோல், இடம்பெயர்ந்தவர்களால் நிறைந்த ஒரு நாட்டுக்குப் பொருந்துவதுமில்லை. ஆயினும் அவருடைய கோபத்தின் வேர் சரியானது. வெளியே சென்று வென்றவரைக் கொண்டாடுவது எளிது. உள்ளேயே இருந்து உழைப்பவர் நிலைத்து நிற்க வழிசெய்வதே கடினம். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக நிறைவு கொள்ளும் பழக்கத்தைத்தான் அவர் சுட்டினார். அதற்காகத் தம் புகழின் உச்சத்தையே விலையாகக் கொடுத்தார் என்பதால், அதை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட முடியவில்லை.

ஒதுங்கியிருந்த காலத்தின் இறுதியில் அவர் மீண்டும் கையிலெடுத்தது இசைத்தட்டுத் தொழிலைத்தான். 1986-இல் ‘ஏ-சி-டி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கனடியத் திறமைக்கு உதவுக என்பதே அந்த மூன்றெழுத்தின் விரிவு. அதன் முதல் தொகுப்பில் தம் பாடல்களோடு, பரவலாக அறியப்படாத பிற கலைஞர்களின் பாடல்களையும் சேர்த்தார். 1988-இல் அவருடைய புதிய தொகுப்பு வந்தது. 1990-இல் நாடு தழுவிய பயணமாக மேடைக்குத் திரும்பினார். இந்த மீள்வருகையில் ஈஎம்ஐ என்னும் பெருநிறுவனத்தின் கனடியக் கிளைக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். இசைத்தட்டை உருவாக்கச் சிறு நிறுவனம் போதும். அதை ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் கொண்டுசெல்ல அகன்ற வலை வேண்டும். சுயேச்சை என்பது யாரையும் சாராமை அன்று. எந்த நிபந்தனையில் சார்வது என்பதைத் தானே முடிவுசெய்யும் வலிமை.

பலகையும் பாட்டும்

1973-இல் வெளியான அவருடைய ‘த ஹாக்கி சாங்’ அக்காலத்தில் பெரும் வெற்றிப் பாடலாக இருக்கவில்லை. 1992-இல் ஒட்டாவா அணியின் ஆட்டங்களில் அதை ஒலிக்கச் செய்தார்கள். பிறகு அது ஊர் ஊராகப் பரவி, பனி ஹாக்கி அரங்குகளின் பொதுப்பாட்டாகவே ஆகிவிட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஒரு பாட்டு காத்திருக்க முடிந்ததற்குக் காரணம், அது ஒலிப்பதிவாகி இருந்தது என்பதே. பதிவாகாத பாட்டுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. எந்தப் பாட்டு காலத்தை வெல்லும் என்பதைச் சந்தையின் முதல் ஆண்டுக் கணக்கு சொல்லிவிடுமானால், இந்தப் பாட்டு இன்று இருந்திராது.

1996-இல் கனடா தன் உயர் குடிமை விருதை அவருக்கு அளித்தது. 2013 மார்ச் 6 அன்று, 77 வயதில் மறைந்தார். 300-க்கும் மேற்பட்ட பாடல்களை விட்டுச்சென்றார் என்று கணக்குச் சொல்கிறார்கள். இன்று ஒலிப்பதிவுக்குப் பெரிய கூடமோ பெருமுதலோ தேவையில்லை. கைப்பேசியிலேயே பாடி உலகுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் பாடல்களை வரிசைப்படுத்தி நேயர் முன் நிறுத்தும் கதவு மீண்டும் ஒருசில பெருநிறுவனங்களின் கையில் இருக்கிறது. அந்தக் கதவும் உலகச் சந்தைக் கணக்கையே போடுகிறது. ஆகவே நாட்டுப்புறக் கலைஞரைப் போற்றுவதாகச் சொல்லும் எந்தச் சமூகமும், பொன்னாடைக்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டியவை மூன்று. உங்கள் பாட்டு முறையாகப் பதிவாகியிருக்கிறதா? அதன் உரிமை யாரிடம் இருக்கிறது? அதன் வருவாய் உங்கள் கைக்கு வந்து சேர்கிறதா?